பாவாயி காட்டில் செவ்வாய் வண்டி

ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள் காலையில் பாவாயி தன் கடலைக்காட்டுக்குக் களை எடுக்கப் போனபோது, காட்டின் நட்டநடுவில், ஆறு சக்கரமும் நீண்ட கழுத்தும் கழுத்தின் மேல் இரண்டு கண்ணும் முதுகில் விரித்து வைத்த தகடுகளுமாக ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அவள் அதை ஒருமுறை சுற்றி வந்து, எத்தனை செடி நசுங்கிப் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு, களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் திரும்பி வந்து, "எவன் வண்டிய எவ காட்டுல கொண்டாந்து நிறுத்தறது, கேக்கறதுக்கு ஆளில்லைன்னு நெனச்சீங்களா?" என்று பொதுவாக ஒரு சத்தம் போட்டாள். ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் அவரவர் வண்டி வாசலில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அவள் பின்னால் போனோம்.

எங்கள் கரட்டடியூரில் யாரும் இரும்பைக் கண்டு மிரளுகிறவர்கள் இல்லை. ஊருக்கு மேற்கே நிற்கும் கரடு முழுக்க இரும்புக்கல்; அதன் மேல் ஏறினால் திசைகாட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிடும்; ஊர் ஆண்களில் பாதிப் பேர் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டி ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். அதனால் வண்டியைச் சுற்றி நின்று, சக்கரம் தேவலை, எடை குறைவு, துளைக்கிற கை மட்டும் சின்னது என்று எங்களுக்குத் தெரிந்ததைப் பேசிக்கொண்டோம். தொட்டுப் பார்த்த ராக்கியண்ணன்தான் முதலில் கையை உதறினார். போர்வண்டியில் முப்பது வருடம் துளைப்பாளராக இருந்தவர் அவர். சுடுகிற இரும்பைத் தொட்டுப் பழகிய கை, குளிரில் ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறிய அந்த நேரத்திலும் சக்கரங்களைச் சுற்றியிருந்த கடலைச் செடிகளின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது.

அது எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வாரம் செய்தித்தாளில் தெரிந்தது. அதே வண்டி, இடது முன்சக்கரத்தில் அதே நெளிசல், ஆனால் சுற்றிலும் கடலைச் செடி இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த மண்ணும் கல்லுமாக ஒரு படம். செவ்வாய் கிரகத்தில் இரண்டு வருடமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது, பாறைகளில் இருக்கும் காந்தத்தை ஆராய்கிறது என்று போட்டிருந்தார்கள். செவ்வாயில் இருக்கிற வண்டி நம் காட்டிலும் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். துபாயில் கம்பி கட்டுகிற ராக்கியண்ணன் மகன் எங்கள் ஊர் ரேஷன் அட்டையிலும் இருக்கத்தானே செய்கிறான், அதைப்போல இதுவும் இரண்டு இடத்திலும் இருக்கிறது என்று பாவாயி சொன்ன பிறகு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

வண்டி எங்களைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே போய் நின்று கையை ஆட்டினாலும் அது எங்களுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. சமமான காட்டில், எங்கள் கண்ணுக்குத் தெரியாத கல் ஒன்றை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு தடவை வெறுங்காற்றின் மேல் ஏறி முன்சக்கரங்கள் இரண்டும் தரைக்கு ஒரு முழம் மேலே நிற்க இரண்டு நாள் அப்படியே இருந்தது, ஆடுகள் அதன் அடியில் படுத்து அசைபோட்டன. இன்னொரு நாள் கையை நீட்டிக் காற்றையே கரகரவென்று துளைத்தது, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து செம்பொடி ஒழுகிச் செடிகளின் மேல் விழுந்தது, அந்தப் பொடி பாவாயியின் களைக்கொத்தில் போய் மயிர்போலக் குத்திட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு சால் உழுகிற நேரத்தில் அது ஒரு சாண் நகரும். காலையில் எதிர்ப்பட்டவரிடம் "வண்டி எதுவரைக்கும் போயிருக்குது?" என்று கேட்பது ஊரில் வழக்கமாகிவிட்டது.

பாவாயி வண்டி போகிற வழியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் களை எடுத்தாள். பால்காரர் கேன்களை அதன் ஓரமாக வைத்து எடுத்துப்போனார், பால் கெடவேயில்லை. மோர்ப்பானைகள் வந்து சேர்ந்தன. செவ்வாய் தோஷம் என்று கல்யாணம் தள்ளிப்போன பிள்ளைகளை ஓமலூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் அழைத்துக்கொண்டு பெற்றவர்கள் வந்து வண்டியை ஒன்பது சுற்று சுற்ற வைத்தார்கள். சுற்றிவந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஐந்தாவது சுற்றிலேயே ஒருவரையொருவர் பார்த்துவிட்டதால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் மீதி நாலு சுற்று தேவைப்படவில்லை. பக்கத்து ஊர் ஜோசியருக்குத்தான் வருத்தம். "செவ்வா எங்கீங்கன்னு வர்றவங்க கேட்டா, பாவாயி காட்டுல மேக்கு மூலைன்னா எழுதிக் குடுக்கறது?" என்று அவர் டீக்கடையில் உட்கார்ந்து புலம்பினார். ஊராட்சித் தலைவர் படத்தோடு இரண்டு கடிதம் எழுதிப் போட்டார், பதில் வரவில்லை.

இப்படி இருக்கும்போது ஆயுதபூஜை வந்தது.

எங்கள் ஊரில் தீபாவளியைவிட ஆயுதபூஜை பெரிது, ஏனென்றால் எங்களுக்குச் சோறு போடுவது இரும்பு. போர்வண்டிகள், டிராக்டர்கள், தறிகள், அரிவாள், அரிவாள்மனை, தையல் மிஷின், பால்காரரின் கேன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் கடலையும் படைத்து, வண்டிகளின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். ஊரில் இருக்கிற ஓர் இரும்பைத் துடைக்காமல் விட்டால் வருஷம் முழுக்க மனசு கேட்காது. இரண்டு வருடமாகத் தூசி படிந்துபோய் நிற்கிற வண்டியை எப்படி விடுவோம்? பெண்கள் பதினைந்து பேர் குடத்தோடும் எண்ணெய்த் துணியோடும் போய், முதுகுத் தகடுகளை முகம் பார்க்கும்படி துடைத்தார்கள், சக்கரத்துக் கம்பிகளுக்குள் விரலை விட்டுத் துடைத்தார்கள். வண்டியின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தகடு இருந்தது, அதன் மேல் செந்தூசி அப்பிக் கிடந்தது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு, கால்மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்து அதைப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். பிறகு இரண்டு கண்ணுக்கும் நடுவில் சந்தனம் வைத்தாள். எண்ணெய்க் கை வழுக்கியதில் இடது கண்ணிலும் கொஞ்சம் பட்டுவிட்டது.

துணியில் வந்த தூசியைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. பூஜை செய்த பொருளில் இருந்து வந்ததாயிற்றே. எண்ணெயோடு குழைத்துத் தட்டில் எடுத்து, வந்தவர் எல்லோருடைய நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்கள். அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகுதான் நாங்கள் திரும்ப ஆரம்பித்தோம். கண்ணை மூடினால் போதும், உடம்பு தானாக மெல்லத் திரும்பி ஏதோ ஒரு பக்கம் பார்த்து நின்றுவிடும். வலி இல்லை, மயக்கம் இல்லை, கதவு காற்றில் திரும்புவதைப்போல அவ்வளவு இயல்பாக இருந்தது. ஆனால் ஆளுக்கொரு பக்கம்: புருஷன் கிழக்கே திரும்பினால் பெண்டாட்டி வடமேற்கே திரும்பினாள், கோவிலில் கண்மூடிக் கும்பிட்டவர்களில் பாதிப்பேர் சாமிக்கு முதுகு காட்டி நின்றோம், பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கும்படறதுன்னா கண்ணத் தொறந்துக்கிட்டுக் கும்புடுங்க, இல்லைன்னா ஊட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் தலைக்கு ஊற்றிக் குளித்ததும் அது போய்விட்டது. போனதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

நாலாம் நாள் சுகிர்தா வந்தாள். நாகர்கோவில்காரி, நாற்பத்தாறு வயது, நெற்றியில் ஒன்றும் வைக்கிற வழக்கமில்லாத கிறிஸ்தவப் பெண், பெங்களூரில் இருந்துகொண்டு அந்த வண்டியைப் பத்தொன்பது வருடமாக வரைந்து, செய்து, அனுப்பி, ஓட்டிக்கொண்டிருப்பவள். தலைவர் எழுதிய இரண்டாவது கடிதம் எங்கெங்கோ சுற்றி அவள் மேசைக்கு வந்த அதே நாளில், வண்டி அனுப்பிய படத்தின் இடது மூலையில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்திருந்ததாம். ஜீப்பிலிருந்து இறங்கி வரப்பில் ஓடிவந்தவள் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கிட்டே வந்து, தான் பெற்ற பிள்ளையைத் தொடுவதைப்போல அந்தக் கழுத்தைத் தொட்டாள். குளிருக்குக் கையை எடுக்கவில்லை. அனுப்பிய நாளுக்குப் பிறகு அதைத் தொட முடியும் என்று அவள் எந்த நாளும் நினைத்திருக்க மாட்டாள்.

அப்புறம் அவள் கண் நெற்றித் தகட்டுக்குப் போனது.

"இதுல இருந்த தூசி எங்க?"

"தொடச்சுட்டமுங்க" என்றாள் பாவாயி, பெருமையாக. "லேசுல போவல. நாந்தான் தேச்சேன்."

சுகிர்தா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். படித்த பேச்சு போய் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "எம்மாடி, என்ன காரியம் செஞ்சுட்டிய! அது காந்தம். காத்துல வாற இரும்புத் தூசிய ரெண்டு வருசமா ஒவ்வொரு துகளா அது பிடிச்சு வச்சிருந்துச்சு. அடுத்த மாசம் அதத்தான் நான் எடுத்துப் பாக்க இருந்தேன். இப்ப அது எங்க?"

நாங்கள் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குளியலறைச் சாக்கடையோடு போனதை எப்படிச் சொல்வது? ராக்கியண்ணன்தான் சொன்னார், திரும்பியதையும் சேர்த்து. அவள் அழுவாள் என்று நினைத்தோம். அவள் நோட்டை எடுத்து, யார் யார் எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று வீடுவீடாகப் போய் மூன்று நாள் கேட்டு எழுதினாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும்.

அந்த நாட்களில் அவள் தங்கியது பாவாயி வீட்டில். பாவாயிக்குத் தான் செய்த காரியம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அதனால் தினமும் கறி ஆக்கிப் போட்டாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது நேராகவே கேட்டாள்.

"அம்மிணி, அந்தத் தூசியில அப்படி என்னதான் தேடறீங்க?"

"பாறை கொதிச்சு ஆறும்போதோ, சேறு படிஞ்சு கல்லாகும்போதோ, அதுக்குள்ள இருக்கற இரும்புத் துகள் எல்லாம் அப்ப இருந்த காந்தத்தப் பார்த்துத் திரும்பி, அப்படியே உறைஞ்சு போயிரும்க்கா. நம்ம பூமி முழுக்க ஒரு காந்தம். அது இருக்கறதாலதான் சூரியன்ல இருந்து வர்ற காத்து நம்ம மூச்சுக்காத்த அடிச்சிட்டுப் போகாம இருக்கு. செவ்வாய்லயும் ஒரு காலத்துல அது இருந்துச்சு. அப்புறம் நின்னு போச்சு."

"நின்னு போச்சா? ஆரும் பாக்கலீங்களா?"

"பார்க்க யாரு இருந்தா? கல்லு மட்டும்தான் பார்த்துச்சு." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அங்க தண்ணி ஓடின காலத்துல அந்தக் காந்தமும் இருந்துச்சா, இல்ல அதுக்கு முன்னாடியே போயிருச்சா? ரெண்டும் சேர்ந்து இருந்தா, அங்க ஏதாவது ஒரு உசுரு கண்ணு முழிச்சிருக்கலாம். பத்தொன்பது வருசமா எனக்கு இந்த ஒரு கேள்விதான்க்கா. காத்துல அலையற தூசி ஆளுக்கொரு பக்கம் திருப்புது, அதுக்குச் சொந்தத் திசை கிடையாது. அசையாத கல்லுக்கு இருக்கும். வண்டிக்கு முன்னாடி ஒரு பாறை இருக்கு. அதைத் துளைக்கணும்."

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. முதுகுத் தகடுகளில் தூசி ஏறி, வெயிலைக் குடிக்க முடியாமல், வண்டி அந்த ஆயுதபூஜை வாரத்திலேயே செத்துப்போக இருந்ததாம். துடைத்துவிட்டதால் அதற்கு உயிர் வந்திருக்கிறது. பாவாயி அதைக் கேட்டு, "அப்ப நான் செஞ்சது நல்லதா கெட்டதா, ஒண்ணச் சொல்லுங்க" என்றாள். சுகிர்தா சிரித்துவிட்டாள்.

துளைக்க ஆரம்பித்தார்கள். அவள் காட்டு ஓரத்தில் உட்கார்ந்து பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கும் தாமோதரனுக்கு ஃபோனில் சொல்வாள், அவன் ஆணையை அனுப்புவான், அது வானத்தில் ஏறிப் போய்ச் செவ்வாயைத் தொடக் கால்மணி நேரம், அதன் பிறகு அவளுக்கு முப்பதடி தூரத்தில் நிற்கும் வண்டி கையை நீட்டும். அந்தக் கால்மணி நேரமும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும், யாராவது இருமினால் நாலு பேர் முறைப்பார்கள். முதல் நாள் விழுந்த பொடியை நாங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினோம். யாரும் திரும்பவில்லை. அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை, நட்டுவைத்த கல்லாக நின்றோம். இரண்டாம் நாளும் அப்படியே. வண்டியின் கருவியும் அதையே சொல்வதாகச் சுருக்கமாக ஒரு வரி மட்டும் பெங்களூருக்கு வந்தது, முழு அளவுகள் இன்னும் வண்டிக்குள்ளேயே இருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் தாமோதரன் ஃபோன் செய்தான். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள்.

"மேடம், அங்க புழுதிப்புயல் வந்து வெயிலையே மூடிருச்சு, தகட்டைத் தொடச்சாலும் பிரயோசனமில்ல. பேட்டரி முடியப்போவுது. இருக்கறது ஒரு வேலைக்குத்தான் போதும். எடுத்த அளவுகளை அனுப்பிரலாம், இல்லைன்னா இன்னும் அரையடி துளைக்கலாம். ரெண்டும் முடியாது."

"அனுப்பினா என்ன எழுதுவாங்க?"

"காந்தம் இல்லைன்னு எழுதுவாங்க. அதுவும் ஒரு முடிவுதானே மேடம். உங்க பேரு நிக்கும். துளைச்சா ஒண்ணுமே வந்து சேராது, வண்டி அப்படியே அடங்கிரும்."

அவள் எழுந்து வண்டியின் பக்கத்தில் போய் நின்றாள். ராக்கியண்ணன் நேற்று விழுந்த பொடியைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊரில் துளைத்தாலும் பொடியைத் தேய்த்துப் பார்த்தும், துளைக்கிற பிட்டு இறங்குகிற சத்தத்தைக் கேட்டும்தான் இன்னும் எத்தனை அடி என்று அவர் சொல்வார், சொன்னால் தப்பாது.

"அம்மிணி, இது மேலாப்புல கெடக்கற வறண்ட கல்லுங்க. நேத்துக் கடைசியில சத்தம் மாறுச்சு. கொஞ்சம் அமுங்கிக் கேட்டுச்சு. கீழ வேற கல்லு இருக்குதுங்க."

"நிச்சயமாவா?"

"ஆயிரத்தைந்நூறு போர் போட்டிருக்கனுங்க. தண்ணி இருந்த கல்லுக்கு ஒரு சத்தம் உண்டு."

இப்போதே நிறுத்தி அனுப்பினால் அவள் பெயர் இருக்கும், ஆனால் கேள்வி அப்படியே இருக்கும். துளைத்தால் உலகத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. எங்களில் யாருக்கும் அந்த இடத்தில் நிற்கத் தைரியம் இருந்திருக்காது. பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"துளைங்க தாமு" என்றாள் சுகிர்தா.

கால்மணி நேரம் போனது. வெயில் சாய்ந்து கரட்டின் நிழல் காட்டு ஓரத்தைத் தொட்டது. வண்டி கையை நீட்டிக் காற்றில் ஊன்றியது, கரகரவென்று துளைத்தது, பிறகு எங்கள் எல்லோர் காதுக்கும் கேட்கும்படி அந்தச் சத்தம் அமுங்கியது. கீழே விரித்திருந்த வெள்ளை வேட்டியின் மேல், இதுவரை பார்க்காத சாம்பல் நிறத்தில் பொடி ஒழுகியது. ராக்கியண்ணன் ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கிடையில் வைத்தார். வழுவழுவென்று வழுக்கியது.

"தண்ணி பட்ட கல்லு" என்றார். "நல்ல தண்ணி, அம்மிணி. ரொம்ப நாளு நின்ன தண்ணி."

துளைக்கிற சத்தம் நின்றது. வண்டியின் கழுத்து ஒரு முழம் தாழ்ந்து அப்படியே நின்றுவிட்டது. சக்கரங்களைச் சுற்றியிருந்த பனி, மூன்று மாதமாக உருகாதது, உருகிச் சொட்ட ஆரம்பித்தது. யாரும் அழவில்லை, அதற்கு நேரமில்லை. பாவாயி வேட்டியோடு பொடியை அள்ளி, குண்டூசித் தலை அளவுக்கு ஒவ்வொரு நெற்றியாக வைத்துக்கொண்டே போனாள், முந்நூற்றுப் பதினோரு பேருக்கும், கடைசியில் தனக்கும். சுகிர்தா மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்றாள்.

நாங்கள் கண்ணை மூடினோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கள் கால்களுக்குக் கீழிருந்து அது வந்தது. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை, எப்போதோ மறந்துபோன வீட்டுப் பக்கம் கால் தானாகத் திரும்புவதைப்போல நாங்கள் திரும்பினோம். கடலைச் செடிகள் முந்நூறு ஜோடிக் காலடியில் ஒன்றாகச் சரசரக்கிற சத்தம் கேட்டது, ஒன்றாகவே நின்றது.

பாதிக் கண்ணைத் திறந்து பார்த்த பால்காரர் பின்னால் சொல்லித்தான் மற்றது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு முகங்களும், கண்ணை மூடிக்கொண்டு சுகிர்தாவை நேராகப் பார்த்து நின்றிருந்தோம். அவள் பயந்துபோனாள். தன்னைப் பார்த்துத்தான் திரும்பினார்களோ, தன் ஆசைதான் இவர்களை இழுத்துவிட்டதோ என்று நினைத்திருப்பாள். படித்தவள் அல்லவா, சத்தம் போடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பத்தடி இடதுபக்கம் நகர்ந்தாள். முகங்கள் அவளைப் பின்தொடரவில்லை. இன்னும் இருபதடி நகர்ந்தாள். ஒரு தலைகூட அசையவில்லை. அவள் நின்றிருந்த இடத்துக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே வெறும் வானம் மட்டும் இருக்கிற ஒரு திசையை, முந்நூறு கோடி வருடங்களுக்கு மேலாக எவரும் பார்க்காத ஒரு வடக்கை, கரட்டடியூர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அவள் அழுதாள். வாய்விட்டு அழுதாள். நாங்கள் கேட்டோம், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

அழுது முடித்துப் பாவாயியிடம் வந்தாள். பாவாயியின் ஆட்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பாவாயி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள். சுகிர்தா குனிந்து தன் நெற்றியைக் கொண்டுவந்து அந்த விரலில் வைத்தாள்.

ஃபோன் அடித்தது. "மேடம், சிக்னல் போயிருச்சு" என்றான் தாமோதரன். "கடைசி அளவு எதுவும் வரல. அறிக்கையில என்ன எழுதறது?"

"விடை கிடைக்கலைன்னு எழுதுங்க தாமு" என்றாள் அவள். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.